நாலு பேப்பர் இலைகள்

எனக்கு வாய் மோசம். எங்கள் குழுவில் மற்ற மூன்று பேருக்கும் வாயே கிடையாது. அதனால்தான் அந்த ஆட்டம் நாசமாகப் பார்த்தது.

மொத்தம் நாலு பேர். பிசியோதெரபி செய்கிற என் தோழி, பைக் மெக்கானிக் ஒருவர், காலேஜில் காமர்ஸ் நடத்தும் வாத்தியார், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற நான். நாங்கள் ஆடுவது பரதமும் இல்லை, சினிமா டான்ஸும் இல்லை. நவீன நடனம். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. வேலை செய்யும்போது உடம்பு என்ன செய்கிறதோ அதிலிருந்து ஆளுக்கொரு துண்டு கொண்டுவருவோம். எல்லோரும் சேர்ந்து வெட்டி ஒட்டி ஒரே ஆட்டமாக்க வேண்டும்.

வெட்டத்தான் யாரும் இல்லை.

சூலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கூடத்தை மேனேஜர் எங்களுக்கு விட்டிருந்தார். ஆவணி பிறந்தால் கல்யாணக்காரர்கள் வந்துவிடுவார்கள். அதற்குமுன் கடைசி ஞாயிறு அங்கேயே சனங்களுக்கு ஆடிக் காட்டுவது என்று பேச்சு.

மூன்றாவது ஞாயிறு முழுசாக ஓட்டிப் பார்த்தோம். ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடியது. இல்லாத போர்டில் வாத்தியார் எழுதி அழிப்பது மட்டும் இருபது நிமிஷம்.

"நல்லா இருக்குதுங்க சார்," என்றார் மெக்கானிக்.

"உங்க ஸ்பேனர் ஆட்டமும் அருமைங்க," என்றார் வாத்தியார்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள் தோழி.

"மண்ணாங்கட்டி," என்றேன். "மாத்தி மாத்தி மரியாதை பண்ணியே இதைக் கொன்னுபோட்டீங்க. இத்தன நேரம் எவன் உக்காருவான்? சார், நீங்க அழிக்கிற அழிப்புல போர்டே தேஞ்சுபோயிரும்."

வாத்தியார் முகம் சுருங்கியது. எனக்குப் பாவமாக இல்லை. ஆனால் நான் ஒருத்தி கத்திப் பிரயோசனமும் இல்லை. நான் எதைத்தான் திட்டாமல் விட்டிருக்கிறேன் என்று தள்ளிவிடுவார்கள்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பேப்பர் ரோல் மூலையில் மிச்சம் கிடந்தது. இலை அளவுக்கு நாலு துண்டு கிழித்து ஆளுக்கொன்று வைத்தார்.

"பந்தியில வேண்டாம்னு வாய்ல சொன்னா யாருங்க கேக்கறாங்க? இன்னொரு கரண்டிதான் வெப்பாங்க. இலைய மூடினா ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஒருத்தர் ஆடறப்ப போதும்னு தோணுச்சுன்னா பேப்பரை மூடிருவோமுங்க."

"நம்ம பக்கமா மூடுங்க," என்றாள் தோழி. "எழவு ஊட்டுல மூடற மாதிரி அந்தப் பக்கமா மூடிப்போடாதீங்க."

வேலை செய்தது. வாத்தியார் எழுத ஆரம்பித்து ரெண்டாவது நிமிஷம் திரும்பினார். மூன்று பேப்பரும் மூடிக் கிடந்தன. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக்கின் டயர் உருட்டல் போனது. தோழி நோயாளி மாதிரி நொண்டுவதில் பாதி போனது. யாரும் வாய் திறக்கவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

அப்புறம் என் முறை. அந்தத் துண்டின் மேல் எனக்கு வெறி. இத்தனை வருஷம் குனிந்தே காயில் கட்டி என் முதுகு வளைந்துபோனது. அதைத்தான் ஆடினேன். மடங்கி உட்கார்ந்து கம்பி சுற்றுவேன், சாய்வேன், தரையில் கிடந்து முதுகைக் கணுக்கணுவாக நிமிர்த்துவேன். கடைசியில் எழுந்து ரெண்டு கையையும் தூக்கிச் சுழல்வேன். அது இல்லாவிட்டால் நான் இந்தக் குழுவில் இருப்பதே வீண் என்று நினைத்திருந்தேன்.

சுழன்று நின்றபோது மூன்று பேப்பரும் மூடியிருந்தன.

"எதுக்கு மூடினீங்க?"

மூன்று பேரும் பேப்பரையே பார்த்தார்கள்.

"வாயத் தொறங்க!"

தோழிதான் திறந்தாள். "கோவிச்சுக்காத அம்மணி. நீ கீழ கெடந்த வரைக்கும் ஒருத்தரும் பேப்பரைத் தொடல. எந்திரிச்சுக் கையத் தூக்குன பாரு, ஸ்கூல் ஆண்டு விழா மாதிரி ஆயிப்போச்சு. உன்ற முதுகு அப்படியெல்லாம் எந்திரிக்காது. வாராவாரம் அதப் புடிச்சு உடறவ நான்தானே?"

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை உதைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனேன். அண்டாக்களுக்கு நடுவில் நின்று முகம் கழுவினேன். அவள் சொன்னது சரி. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. ஆனால் இந்தக் குழுவில் ஒருத்தி என் முகத்துக்கு நேராக உண்மை பேசிவிட்டாள். அதை நினைக்க நினைக்கச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் போய்த் தரையில் படுத்தேன். எழவில்லை. ஒருத்தரும் மூடவில்லை.

கடைசி ஞாயிறு சொந்தபந்தம், கடைக்காரர்கள் என்று கூடம் நிறைந்தது. நாற்பது நிமிஷத்துக்குள் முடித்தோம். கைதட்டினார்கள். மேனேஜர் வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நெசத்தச் சொல்லுங்க."

அவர் வாத்தியாரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சார் எழுதறது இப்பவும் கொஞ்சம் ஜாஸ்திங்க. நீங்க கீழ கெடந்தது பத்தலீங்க. என்ற சம்சாரத்துக்கும் முதுகுவலி, இப்படித்தான் பொரளுவா. இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாமுங்க."

வாத்தியார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

சனங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மேசைகளுக்கு நடுவில் மறுபடி தரையில் சாய்ந்தேன். பின்னாலிருந்து தோழி கத்தினாள்: "அம்மணி, எந்திரிச்சுப்போடாத!"