நாற்பத்தாறு பல்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சான் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் ஒரு பக்கம் எழுதவேண்டும் என்று அவர் மகன் தாள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மற்றவர்கள் அவருடைய சிரித்த முகத்திலிருந்து தொடங்கியிருப்பார்கள். நான் என் பஞ்சர் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும் செயின்வீலிலிருந்து தொடங்குகிறேன். பெடலோடு சேர்ந்து சுற்றுமே, அந்த முன்பக்கப் பல்சக்கரம். இதற்கு நாற்பத்தாறு பல்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். நான் அங்கே ரிப்பேர் வேலை பார்த்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் சைக்கிளில்தான் போய் வருவேன். கடைக்குப் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மா, ஊர் திரும்பும்போது தன் கிராவல் சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தார்ச்சாலை, மண்சாலை இரண்டிலும் ஓடும் வண்டி. முதலாளி இருக்க வேலைக்காரனுக்குக் கொடுத்தது மச்சானுக்குப் பொறுக்கவில்லை. அன்று முதல் என்னைவிட அந்த வண்டியைத்தான் அவர் அதிகம் முறைத்தார்.

இளவயதில் லாரி இடித்து உடைந்து ஒட்டிய முட்டி என்னுடையது. அழுத்தி மிதித்தால் வீங்கிவிடும். அதனால் நாற்பத்தாறு பல்லைக் கழற்றிவிட்டு, பழைய வண்டி ஒன்றில் கிடைத்த முப்பத்துநாலு பல்லை மாட்டினேன். முன்னால் பல் குறைந்தால் வேகம் குறையும், கால் அதிகம் சுற்றும், ஆனால் முட்டியில் பாரம் விழாது. சின்னச் சக்கரத்துக்கு ஏற்றபடி செயினிலும் சில கண்ணிகளை வெட்டி எடுத்தேன். அதன் பிறகு ஒரு நாள்கூட முட்டி வலிக்கவில்லை. அந்த வண்டியால்தான் எனக்கு வேலை, வேலையால்தான் வீடு.

“இன்னா மாப்ள, இட்லி சைஸுக்கு ஒரு வீல மாட்டிக்கினு வர்ற? நீ மிதிக்கறத பாத்தா தையல் மிஷின் ஓட்றா மாதிரி கீது” என்பார். வாடகைக்கு வந்தவர்கள் எதிரில் “டைலரே, சைக்கிள எடுத்தாங்க” என்று கூப்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்து வருவேன்.

ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் புறப்பட வண்டியை எடுத்தேன். பெடல் கல்லாய்க் கனத்தது. குனிந்து பார்த்தால், மூலையில் போட்டு வைத்திருந்த நாற்பத்தாறு பல் மறுபடியும் வண்டியில் இருந்தது. மச்சான் கல்லாவிலிருந்தே சொன்னார்: “ஜவ்வாது மல ஏறணும்னு ஒரு வெள்ளக்காரரு வந்தாரு. லேசா மிதிக்கறா மாதிரி வேணும்னாரு, உன் இட்லி வீல கழட்டிக் குடுத்துட்டேன். உனக்கு இன்னா, ரோடு தட்டையாதானே கீது? ஒரு நாளாச்சும் ஆம்பளையா மிதிச்சிக்கினு போ.”

அவருக்குச் சக்கரம் மாட்டத் தெரியும்; வெட்டிய செயினுக்குக் கண்ணி சேர்க்கவேண்டும் என்று தெரியாதா? பின்பக்கக் கியரைப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றப் பார்த்தேன். நீளம் போதாமல் செயின் விறைத்து நின்றது. லேசாக மிதிக்க இருந்த அந்த ஒரு வழியும் போயிற்று. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, வண்டியை எங்கே ஏற்றுவது? மிதித்தேன். ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தியபோது முட்டிக்குள் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். வண்டியோடு சாய்ந்தேன். கிரிவலத்துக்குப் போகிறவர்கள் “பாத்து வரக்கூடாதா” என்று சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மச்சான் சாத்துக்குடியோடு வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸம்மாவிடம், “மாப்ளைக்கு வயசாயிடுச்சிம்மா, முட்டி தேஞ்சி போச்சி” என்றார். என் மனைவி அதையே நம்பினாள். இன்னும் நம்புகிறாள். கால் மடங்காமல் போனது, வேலையும் போனது. உட்கார்ந்த இடத்தில் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதாமல் விட்டிருப்பேன். தாள் கொடுக்க வந்த அன்று மகன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். அந்த வெள்ளைக்காரர் அனுப்பியதாம், தமிழில் மாற்றி வைத்திருந்தான். மலையேற முடியாமல் தவித்தவருக்கு மச்சான் தன் சொந்த வண்டியிலிருந்தே சக்கரத்தைக் கழற்றி இலவசமாகக் கொடுத்தாராம், அப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லையாம். “அப்பா மனச பாருங்க மாமா. இதத்தான் மொத பக்கத்துல போடப் போறேன்” என்று கண் கலங்கினான். மச்சானுக்குச் சொந்தமாக ஒரு மொபெட்தான் இருந்தது. சைக்கிள் மிதித்து நான் பார்த்ததே இல்லை.

கொடுத்த கை என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்களாம். கொடுத்தார், உண்மைதான். என்னுடையதைக் கொடுத்தார். அந்த முதல் பக்கத்தை அச்சடித்தால் இந்தப் பக்கத்தையும் அச்சடிக்கட்டும். முடியாதென்றால் இரண்டையும் விட்டுவிடட்டும். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். இருந்தபோதும் சொல்ல விடவில்லையே.

இப்போது வாசலில், கிரிவலத்துக்குப் போகும் வேன்கள் வரிசையாக ஓடுகின்றன. சைக்கிளை விற்றுவிட்டேன். இந்தச் செயின்வீலை மட்டும் விற்கவில்லை. வாரா வாரம் எண்ணெய்த் துணியால் பல் பல்லாகத் துடைத்து மாட்டுகிறேன். மங்க விடமாட்டேன்.

ஆவணி மாதம், பௌர்ணமி.