இரண்டாவது மாடியில் நின்றவள்

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு வரி எழுதாமல் இருந்திருந்தால் அவளை யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

தெலுங்கும் உருதுவும் பேசும் திருமுல்கேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் எப்போது சரியாகும் என்பதுதான் அதில் பேச்சு. என் எண் யாருடையது என்று அதில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அன்று அலுவலகத் தோழி ஒருத்தி எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். மூட்டை சுமந்து வரும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிப் போகிறார்களாம். முழுதாகக் கேட்கக்கூட இல்லை, அதைக் குழுவில் போட்டேன். போட்டதோடு விடாமல், "இப்படி ஒருத்தியை இன்று காலை நம் தெருவிலும் பார்த்தேன்" என்று சேர்த்தேன். நான் பார்த்தது என்னவோ, துணி உலர்த்தும்போது கீழே தெரிந்த ஒரு முதுகையும் மூட்டையையும் மட்டும்தான்.

அரை மணி நேரத்தில் கீழே சத்தம் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். கேட்டுக்கு உள்ளே ஏழெட்டுப் பேர் ஒரு பெண்ணைச் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். தரைத்தளத்துக்காரர் முன்னால் நின்றார். அவருடைய நான்கு வயது மகள் படிக்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் பின்னாலேயே குழந்தை போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மூட்டையை உதறினார்கள். பழைய புடவைகள், இரண்டு எவர்சில்வர் தூக்குகள், ஒரு குண்டான். அப்போதுதான் அவள் முகம் நிமிர்ந்தது.

எனக்குத் தெரிந்த முகம். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவள். என் கணவரின் பேண்ட் ஐந்தைக் கொடுத்துவிட்டு, பெரிய டப்பாதான் வேண்டும் என்று என் வாசலில் அவளோடு பேரம் பேசியிருக்கிறேன். அவளும் என்னைப் பார்த்தாள். இரண்டாவது மாடியிலிருந்து "அவளை எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிச் சொன்னால் செய்தி போட்டவள் நான்தான் என்பதும் வெளியே வரும் என்று, அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது.

அடியை நிறுத்தியவர் முதல் மாடி நர்ஸம்மா. ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம். முழங்கால் வலியோடு இறங்கி வந்து, கூட்டத்துக்குள் புகுந்து, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் ஒருவருக்கும் கை எழவில்லை. ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். இடது கை முறிந்திருந்தது. போலீஸ் வந்து பலரை விசாரித்தது. என்னை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அந்தச் செய்தியை அழித்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நர்ஸம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கீழே உக்காரலாம்னு இருக்கேன்மா. நம்ம ஃபிளாட்டுக்காரங்க, பின்னாடி பஸ்தியில குடியிருக்கிறவங்க எல்லாரும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம், அப்புறம் பேசலாம். நீ நல்லா இங்கிலீஷ் எழுதுவியே, நோட்டீஸ் நீயே எழுதிடு."

எழுதினேன். 'எங்கிருந்தோ வந்த ஒரு வதந்தியால்' என்று அதில் ஒரு வரி. நர்ஸம்மா படித்துவிட்டு, "ஹவ், ஆமா, சரியா இருக்கு" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

கூட்டம் வாராவாரம் தொடர்ந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள், கையில் கட்டோடு. நர்ஸம்மா பலமுறை போய் அழைத்திருந்தார். பேசச் சொன்னதும் அவள் உருதுவில் சொன்னாள்: "அடிச்சவங்க முகம் ஞாபகம் இல்லை. மேலே ஒரு அம்மா நின்னாங்க. என்னைத் தெரிஞ்சவங்க. ஏதாவது சொல்வாங்கன்னு பார்த்தேன்."

யார் என்று ஒருவர் கேட்டார். "நக்கோ, வேண்டாம், விடுங்க" என்றாள்.

நான் எழுந்து, பால்கனியில் நின்றது நான்தான் என்றேன். அழுகையும் வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். ஒருவர், இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்றார். செய்தியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பாதியைச் சொல்லி முழுப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் பஸ்தியில் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தேன்: குழுவில் போட்டது நான், நம் தெருவில் பார்த்ததாக எழுதியதும் நான்.

அவள் கோபப்படவில்லை. ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இதை இங்கே வந்து என்கிட்ட எதுக்குச் சொல்றே? என்னை அடிச்சது உங்க கேட்டுல. அங்கே போய்ச் சொல்லு."

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "யாராச்சும் கேட்டாங்களா உன்னைய? புள்ளைய இங்கதானே வளத்தோணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை நாள் நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து முழுவதையும் சொன்னேன். இந்த முறை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து போனார்கள். நர்ஸம்மா தலையைக் குனிந்தபடி இருந்தார். அவளைத் தேடினேன். அன்று அவள் வரவில்லை.

கலையும்போது தரைத்தளத்துக்காரர் அருகில் வந்தார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவர். தெலுங்கில் சொன்னார்: "உங்க மெசேஜைப் பார்த்துட்டுத்தான் மேடம் வெளியே ஓடினேன். நீங்க போட்டதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உங்களைச் சொல்லிட்டா என் மேல இருக்கிற தப்பு குறையும்னு பலநாள் நெனச்சேன். ஆனா அடிச்ச கை என்னோடதுதானே."

இருவருமாகச் சேர்ந்து ஜமுக்காளத்தை மடித்தோம்.

இப்போதும் ஞாயிறுதோறும் இருபது பேர் போல வருகிறார்கள். அடுக்ககத்தில் சிலர் என்னோடு பேசுவதில்லை. அவளுக்குக் கை கூடிவிட்டது, போவன்பள்ளிப் பக்கத்துத் தெருக்களுக்கு மூட்டையோடு போகிறாள் என்று நர்ஸம்மா சொன்னார். எங்கள் தெருவுக்கு வரச்சொல்லிக் கேட்டாராம், முடியாது என்றாளாம். போய் மறுபடி கேட்கலாமா என்று தரைத்தளத்துக்காரர் ஒருநாள் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் வந்தால் எங்களுக்குத்தான் மனம் லேசாகும். அதற்காக அவளை அந்தக் கேட்டுக்குள் நுழையச் சொல்ல எங்களுக்கு வாயில்லை.