செக்கர் நேசையன் செருப்பைக் கழற்றிய கதை

தக்கலைப் பக்கம் வந்து செக்கர் நேசையன் வீடு எது என்று கேட்டால், "எந்த நேசையன்? தோமாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். உயிர்த்தெழுந்த இயேசுவின் ஆணி பாய்ந்த காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த சீஷனின் பெயரை ஊர் சும்மா வைக்கவில்லை. அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பஸ்ஸில் இருக்கிற எவனும் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான் என்று எண்ணிக்கொண்டுதான் படியில் கால் வைப்பார். ஓய்வு பெற்றபோது பஸ் போய்விட்டது, அந்த எண்ணம் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினால் அது சாயம் என்பார். டிவியில் மழை என்று சொன்னால் வேண்டுமென்றே மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவார். வற்றல் நனைந்து கூழானால், "தற்செயலாட்டு பெய்ஞ்சிருக்கு" என்பார்.

நம்பாமல் இருப்பது தப்பா என்ன? காந்தத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று பாட்டில் விற்க வந்தவனை இவர்தான் கேள்வி கேட்டே விரட்டினார். ஊர் காசு மிஞ்சியது இவரால்தான். அதையெல்லாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளியே உதவுகிற குணம் வீட்டுக்குள்ளும் உதவும் என்று யார் சொன்னது?

புது வீடு கட்டியபோது வயர்மேன் ரதீஷ் மெயின் போர்டு பக்கத்தில் ஒரு டிரிப் சுவிட்சை வைத்தான். கரண்டு எங்கேயாவது கசிந்து ஆள்மேல் பாய்ந்தால், கண்மூடித் திறப்பதற்குள் வீடு மொத்தத்துக்கும் வெட்டிவிடுகிற சாதனம். அது செக்கரின் மனைவி தங்கபாய் வாஷிங் மெஷினைத் தொடும்போதெல்லாம் 'டக்' என்று விழுந்தது.

"இஞ்ச பாருங்க, மிசினு சுருக்குன்னு அடிக்கு" என்றாள் தங்கபாய்.

நேசையன் வந்தார். குதிகால் வலிக்கு டாக்டர் சொன்ன தடித்த ரப்பர் செருப்பை அவர் வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. அதோடு நின்று விரலை மெஷின்மேல் வைத்தார். ஒன்றும் இல்லை.

"எனக்கு அடிக்கல்லியே! உனக்கு நரம்புத் தளர்ச்சியாட்டு இருக்கும்."

பிறகு ரதீஷை வரவழைத்து, டிரிப் சுவிட்சின்மேல் குறை பிடிக்கத் தொடங்கினார். "நான் தொட்டா விழாது, இவ தொட்டா விழும். ஆளு பாத்து விழுகதுக்கு இதென்ன தொட்டாச்சிணுங்கியா?"

"விழுகதுதான் சார் அதுக்க வேலை" என்றான் ரதீஷ்.

"நியூஸ் பாக்கும்போ வீட்ட இருட்டாக்குகதா வேலை? நல்ல வேலைதான்!"

ரதீஷ் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நேசையன் வேறொருவனைப் பிடித்து, அந்தச் சுவிட்சைத் தாண்டிக் கரண்டு நேரே போகும்படி 'டைரக்ட்' கொடுக்க வைத்தார். அதற்குப் பிறகு அது சுவரில் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு நாளும் விழவில்லை. அவருக்கும் நிம்மதி.

தங்கபாய்க்கு அடிப்பது மட்டும் நிற்கவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி நின்று துணி துவைக்கப் பழகிக்கொண்டாள்.

அப்படியிருக்கையில் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையாக வரும் வாழைக்குலை, சேவல், பலாச்சக்கையெல்லாம் ஏலம் போகும். வீம்பு ஏறிவிட்டால் அன்றைக்கு ஒரு எலுமிச்சம்பழம் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். அந்த ஏலத்துக்கு, வளைகுடாவிலிருந்து திரும்பி ஏதோ ஏஜென்சி எடுத்திருந்த ஸ்டெனி ஒரு பெட்டியைக் காணிக்கை வைத்தான். பெயர் 'உயிர்க்காவலன்'. வீட்டில் ஏதாவது ஒரு பிளக்கில் செருகினால் போதுமாம், வீடு முழுக்க எங்கே தொட்டாலும் ஷாக் அடிக்காதாம். முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரில் கரண்டு வயரைப் போட்டு, கையை விட்டுச் சிரித்தான். ஜனம் வாயைப் பிளந்தது.

"அக்காமாரே! வாஷிங் மிசினத் தொட்டா சுருக்குன்னு அடிக்கா? வீட்டுல சொன்னா, உனக்குத் தோணுதுங்காவளா?" என்று கேட்டான் ஸ்டெனி.

பெண்கள் வரிசையில் தங்கபாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நேசையனுக்குப் பொறுக்கவில்லை. 'பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கையை விடுலே' என்று கேட்பதற்காகக் கையைத் தூக்கினார். ஏலம் விட்ட ராஜையன் விட்டுவிடுவாரா? "செக்கர் கேட்டாச்சு! ஒரு தரம், ரெண்டு தரம்..."

"ஓய், நான் கேள்வி கேக்கதுக்கல்லா கையத் தூக்கினேன்!"

"மூணு தரம்! ஆண்டவருக்க காரியத்துல தூக்கின கையத் தாழ்த்தப்பிடாது."

சபையே சிரித்தது. ஊரிலேயே அந்தப் பெட்டியை நம்பாத ஒரே ஆள் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

தங்கபாய் அதை வாங்கிப் பிளக்கில் செருகினாள். பச்சை லைட் எரிந்தது. "இதுக்குள்ள அந்த லைட்ட விட்டா வேற ஒண்ணும் இருக்காது" என்றார் நேசையன்.

மறுநாள் காலை அவர் மெஷின் வைத்திருக்கும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனபோது, பலகை சுவரோரம் சாய்ந்து நின்றது. தங்கபாய் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று மெஷினை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலிருந்தே கத்தினார்.

"ஏட்டி! தொடாத!"

"ஏன்? பச்சை எரியுதுல்லா."

"அது கள்ளப் பெட்டிட்டி!"

"இருந்துட்டுப் போட்டும். மிசின்ல ஷாக்கே இல்லன்னுதான நீங்க சொன்னிய? இல்லாத ஷாக்க எந்தப் பெட்டி தடுத்தா என்ன, தடுக்காட்டா என்ன?"

ஆப்பசைத்த குரங்கு மாதிரி ஆகிவிட்டது நேசையனின் பாடு. பெட்டி பொய் என்றால் மெஷின் அடிக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மெஷின் அடிக்கவில்லை என்றால் இவளைத் தடுக்க வாய் கிடையாது. எத்தனையோ பேரை இப்படிக் கேள்வியால் மடக்கியவரை இன்றைக்கு ஒரு கேள்வி மடக்கிவிட்டது.

"இத எதுக்கு நம்புதேன்னு கேக்கியளா?" தங்கபாய் நீட்டிய கையை இறக்கினாள். "அந்தப் பய விக்கதுக்காவத்தான் சொன்னான். ஆனா, அக்காவுக்கு அடிக்கும்னு சொன்னான். இந்த வீட்டுல அதச் சொல்ல ஒரு நாதியில்ல."

"நான் தொட்டுப் பாத்துட்டுத்தான சொன்னேன்?"

"அந்தச் செருப்பக் கழத்துங்க. நான் நிக்க எடத்துல வந்து நின்னு தொடுங்க."

ஸ்டெனியின் பூட்ஸைப் பார்த்துச் சந்தேகப்பட்டவருக்குத் தன் காலில் கிடந்த செருப்பு அதுவரை தோன்றவே இல்லை. கழற்றினார். ஈரத்தில் கால் வைத்தார். விரலை நீட்டினார்.

யாரோ உள்ளே இருந்து கையைப் பிடித்துத் தோள் வரை முறுக்கிய மாதிரி இருந்தது. "யம்மோ!" என்ற அலறல் மூன்றாம் வீட்டுக்குக் கேட்டது. தங்கபாய் துடைப்பக் கட்டையால் மெஷின் சுவிட்சை அடித்து அணைத்தாள். செக்கர் வாளிப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். உள்ளே ஹாலில் பச்சை லைட் ஒரு குறையும் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அடிக்குதுட்டி!" என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி.

தங்கபாய் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "இத்தன நாளும் எனக்கு அடிச்சப்ப அது அடியில்லியா? எனக்க விரலு விரலில்லியா?"

நேசையன் வெட்கத்தோடு எழுந்து போய், தானே ரதீஷைக் கூப்பிட்டார்.

ரதீஷ் வந்தான். எலி கடித்த வயரை மாற்றி, மெஷினுக்கு எர்த் கொடுத்து, டிரிப் சுவிட்சைத் திரும்ப இணைத்தான். சோதனைப் பட்டனை அமுக்கினால் 'டக்' என்று விழுந்தது. நேசையன் அவனை மறுபடி அமுக்கச் சொன்னார், மறுபடியும் அமுக்கச் சொன்னார். பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா? ஸ்டெனியும் விவரம் கேட்டு ஓடிவந்தான். கம்பெனியில் விசாரித்தானாம். "மாமா, பெட்டி வேல செய்யணும்னா ரப்பர் செருப்பு போட்டுட்டுத்தான் தொடணுமாம்" என்றான்.

பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். ஒரு பச்சை லைட், கனம் தெரிவதற்கு ஒரு கட்டி சிமென்ட். செக்கர் சொன்னது அப்படியே சரி. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக, "நான் அப்பமே சொல்லல்லியா" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

சில வாரம் கழிந்து ஒரு மத்தியானம். "கேஸ் மணம் வருகது போல இருக்கு" என்றாள் தங்கபாய்.

'உனக்கு ஜலதோஷமாட்டு இருக்கும்' என்பது நேசையனின் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். எழுந்து போய் சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் திறந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"உங்களுக்கு மணம் வந்துதா?"

"இல்ல."

"பின்னே எதுக்கு மூடினிய?"

"நீ சொன்னேல்லா."