சிவப்பு நூல் கட்டிய மாட்டுப்பல்

பிள்ளைகளே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், நான் கலியாணம் முடிக்க முதல், சாகாமத்துப் பக்கம் ஒரு குழியில் வேலை செய்தேன். கல்லாகிப்போன எலும்புகளைத் தேடிக் கொழும்பிலிருந்து ஓர் ஆராய்ச்சித் துரை வந்திருந்தார். எலும்பு தன் வயதைச் சொல்லாது, அது கிடந்த மண்படைதான் சொல்லும் என்பார். ஒவ்வொன்றையும் எடுக்குமுன் ஆழம் அளந்து படையைக் குறிப்பது என் வேலை. படையை எழுதி வைத்த கடதாசித் துண்டுகள் நனைந்து கிழிந்ததால் நூல் கட்டினேன். மேல்களிமண்ணுக்கு வெள்ளை, அடிச்சரளைக்குச் சிவப்பு. மருதமுனையில் எங்கள் வீட்டில் தறி ஓடியது, நூலுக்குக் குறைவில்லை.

ஒருநாள் அடிச்சரளைப் பையில் சிவப்பு நூலோடு ஒரு மாட்டுப்பல் கிடந்தது. போன வருடம் செத்த மாடாக இருக்கும், அவ்வளவு வெள்ளை. காலையில் நான் கட்டி வைத்த கறுத்த யானைப்பல்லைக் காணோம்.

"இனி இந்தப் பையில் எதை நம்புவது?" என்றார் துரை.

குழி வேலையாட்களை மேய்த்த ஓவசியர் முந்திக்கொண்டார். "நான் அப்பவே சொன்னன் சேர். தறிக்காரனுக்கு எலும்பப் பத்தி என்ன தெரியும்? சாரம் நெய்யச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் முடிச்சைப் பார்த்தேன்.

"சேர், இத நான் கட்டல்ல. எங்கட முடிச்சு தறியில தடக்காம ஓடுற சின்ன முடிச்சு. இது சாக்கு வாய் கட்டுற முடிச்சு."

துரை மற்ற எலும்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் என் முடிச்சு. ஓவசியர் என்னிலும் மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஒரு நூலை அவரிடம் நீட்டினேன்.

"காக்கா, ஒண்டு கட்டிக் காட்டுங்களன்."

"எனக்கேன்டா?"

"சும்மா கட்டுங்க. எலும்பு தெரிஞ்ச ஆள்தானே."

கட்டினார். அதே சாக்கு முடிச்சு. பிறகு உண்மை வந்தது. துரைக்கு அழகாகக் காட்ட, நூலை அவிழ்த்து யானைப்பல்லை வாய்க்காலில் கழுவியிருக்கிறார், கை வழுக்கிவிட்டது. கணக்குக் குறையாமலிருக்க, கரையில் கிடந்த மாட்டுப்பல்லில் அந்த நூலைக் கட்டிப் பையில் போட்டுவிட்டார்.

மூன்று நாள் வெயிலில் வாய்க்கால் சேற்றை அரித்தார். நான் மருதமர நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்தேன்.

"தம்பி, மாப்புச் செய்டா. ஒரு கை புடி."

"பல்லு வரட்டும் காக்கா."

பல் வந்தது. ஆனால் துரை அதைத் தனியே வைத்தார். சேற்றில் எடுத்த பல், நீ சரளையில் எடுத்த அதே பல்தான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். ஒட்டியிருந்த மண்ணும் இல்லை, என் முடிச்சும் இல்லை. அந்தக் குழியில் நான் எடுத்ததிலேயே பெரிய பல், வயதில்லாமல் போனது.

பெருநாளன்று ஓவசியர் வீடு தேடி வந்து, செய்ததை மன்னிக்கச் சொல்லி மறுபடி மாப்புக் கேட்டார். வட்டிலப்பம் கொடுத்தேன். மாப்பு இன்னும் கொடுக்கவில்லை.