காலைக் காட்டச் சொன்ன காலை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ராஜபாளையத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் இது நடந்தது. பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால் இப்போதாவது எழுதுகிறேன்.

நான் கூச்ச சுபாவக்காரி. அப்போதே நாற்பதைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் ஆண்களிடம் பேச வேண்டி வந்தால் தலை தானாகக் குனிந்துவிடும். பிரசவ அறைக்குள் இந்தக் கூச்சம் வராது, அங்கே கை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியே வந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊரில் பல பேரை எனக்கு முகத்தால் தெரியாது, காலால்தான் தெரியும். தபால்காரர் என்றால் ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. பால்காரர் என்றால் சாணி காய்ந்த விரல்கள். சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் டாக்டரம்மாவிடம் பேபி கார் என்று அப்போது சொல்லும் ஒரு குட்டி மோட்டார் இருந்தது. டிரைவர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார். ஊரில் ரிப்பேர் தெரிந்த மற்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். டாக்டரம்மா தானே நன்றாக ஓட்டுவார். ஆனால் முழங்காலில் வாதம், குனிந்து வண்டிக்கு அடியில் போக முடியாது. பல மாதம் அலைந்து ஒரு டின் எஞ்சின் ஆயில் கிடைத்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பழைய ஆயில் மை மாதிரிக் கறுத்துப்போச்சு சிஸ்டர். இனியும் விட்டா எஞ்சின் போயிடும். நீங்க ஒல்லியா இருக்கீங்க. அடியில நுழைஞ்சிருவீங்க."

இப்படித்தான் நான் மெக்கானிக் ஆனேன்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும் பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, சாக்கு விரித்து, வண்டிக்கு அடியில் படுத்தேன். டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். அடியில் ஆயில் தொட்டியின் நடுவே ஒரு திருகு இருக்கும், அதற்குப் பிளக் என்று பெயர், அதைக் கழற்றினால் பழைய ஆயில் இறங்கிவிடும் என்றார். கழற்றினேன். கறுப்பாக ஒழுகியதை ஒரு பழைய சட்டியில் பிடித்தேன். மேலேயிருந்து "பிளக், வாஷர்" என்று டாக்டரம்மா வாசித்தார். எனக்கு அது "பிளக் வாஷ்" என்று கேட்டது. வாஷ் என்றால் ஆஸ்பத்திரியில் கழுவுவது. புண்ணை வாஷ் பண்ணுவோம், ரப்பர் குழாயை வாஷ் பண்ணுவோம். வாஷர் என்று ஒரு சாமான் இருப்பதே எனக்குத் தெரியாது. "என்னம்மா சொன்னீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொரு தரம் சொல்லவைக்கக் கூச்சப்பட்டு, அந்தப் பிளக்கை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெந்நீரிலும் முக்கி எடுத்து, துடைத்து மாட்டினேன். மரை கெட்டுவிடுமோ என்ற பயத்தில் ரொம்பவும் இறுக்கவில்லை. புது ஆயிலை மேலே ஊற்றியாயிற்று. எனக்கே பெருமையாக இருந்தது.

பழைய ஆயிலைக் குப்பையில் கொட்டப் போனேன். பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்ட மாட்டு வண்டிகள் எங்கள் வாசலில் வரிசையாக நின்றன. ஒரு வண்டிக்காரர் ஓடி வந்தார்.

"நர்சம்மா, அதைக் கொட்டிராதீக. அச்சுக்கு மை போட விளக்கெண்ணெய் எங்கயும் கெடைக்க மாட்டேங்கு. எனக்குக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

தலையை ஆட்டிச் சட்டியை நீட்டினேன். தன் வண்டிக்கு அடியில் தொங்கும் மூங்கில் குழாயில் ஊற்றிக்கொண்டு சட்டியைத் திருப்பித் தந்தார். நான் பார்த்தது அவர் கால்களைத்தான். வலது கால் பெருவிரலில் நகம் கிடையாது.

ஒன்பது மணி சுமாருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தலைப்பிரசவம். நேற்று மத்தியானத்திலிருந்து வலி. விடியக்காலம் பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று உள்ளூர் மருத்துவச்சி சொல்லி அனுப்பியிருந்தாள். புருஷன் பட்டாளத்தில் இருந்தான். டாக்டரம்மா செய்தியை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "முன்னால போய் வெந்நீர் போடச் சொல்லுங்க" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். ஐந்து நிமிஷத்தில் பெட்டியோடு வண்டியில் ஏறிவிட்டோம்.

அந்த வண்டியின் முகப்புப் பலகையில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. எஞ்சினுக்குள் ஆயில் ஓடிக்கொண்டிருக்கும்வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டம் குறைந்தால் உள்ளே போய்விடும். அதை வண்டியின் நாடி என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது மைல் தாண்டி அந்தப் பருத்தி வண்டிகளை முந்தினோம். செத்த நேரத்தில் பொத்தான் நடுங்கியது. பிறகு உள்ளே போய்விட்டது. டாக்டரம்மா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. சொன்னால் நான் செய்த வேலையில் கோளாறு என்று ஆகிவிடுமே. மறுபடி வெளியே வந்துவிடும், வந்துவிடும் என்று அதையே பார்த்துக்கொண்டு ஒரு புளியமரத்திலிருந்து இன்னொரு புளியமரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கருகல் வாடை வந்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். டாக்டரம்மாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

இறங்கி அடியில் பார்த்தால், வந்த வழியெல்லாம் ரோட்டில் சொட்டுச் சொட்டாக ஆயில் கோடு. பிளக்கைச் சுற்றிக் கசிந்துகொண்டிருந்தது. ஸ்பானரைப் போட்டு இறுக்கினேன். திருகு கடைசிவரை போய்விட்டது, கசிவு நிற்கவில்லை. உள்ளே இருந்த ஆயிலில் பாதிக்கு மேல் போய்விட்டது.

"வாஷர் போட்டீங்கதானே சிஸ்டர்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நல்லா வாஷ் பண்ணினேன்மா."

"வாஷ் இல்ல, வாஷர். பிளக்குக்கும் தொட்டிக்கும் நடுவுல ஒரு செம்பு வளையம். அது இல்லாட்டி ஒழுகத்தானே செய்யும்?"

"வாஷ்னுதான் கேட்டுச்சு. சோப்புப் போட்டேன். வெந்நீர்லயும்..."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அங்க ஒரு பிள்ளை குறுக்க கிடக்கு. இங்க நாம குறுக்க கிடக்கோம்" என்று மட்டும் சொன்னார். இன்னும் மூன்று மைல் இருந்தது. அவரால் நடக்க முடியாது. அடுப்புக்கரியில் ஓடும் பஸ் எப்போது வரும் என்று அந்த பஸ்ஸுக்கே தெரியாது.

அப்போதுதான் யோசித்தேன். அந்த வளையம் எங்கே போயிருக்கும்? கழற்றும்போது பிளக்கோடு சேர்ந்து சட்டிக்குள் விழுந்திருக்கும். சட்டி ஆயில் மூங்கில் குழாய்க்குள். குழாய், பின்னால் அரை மைலில் வந்துகொண்டிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினேன்.

ஏழெட்டு வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எல்லா வண்டியிலும் பருத்திப் பொதி, எல்லா வண்டிக்கு அடியிலும் மூங்கில் குழாய். யார் அவர் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே? வண்டிக்காரர்கள் எல்லோரும் நுகத்தடிக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வண்டியின் முன்னால் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, செத்த காலைக் காட்டுங்க."

மாடு நின்றது. அவர் பின்னால் திரும்பிக் கத்தினார்: "ஏலே, நர்சம்மா காலைக் காட்டச் சொல்லுதாக!"

"எதுக்காம்? எனக்குச் சேத்துப்புண்ணு இருக்கு, மருந்து போடுவாகளான்னு கேளு!"

"பொண்ணு பாக்கப் போனா மொகத்தைப் பாப்பாக. மாப்ள பாக்க வந்தா காலைத்தான் பாக்காக போலுக்கு!"

ஒருவர் தெலுங்கில் ஏதோ சொன்னார், அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். என் காதெல்லாம் எரிந்தது. "காலைல எண்ணெய் வாங்கினது யாரு?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே காதில் விழவில்லை. "விளக்கெண்ணெயா? எங்கிட்டக் கொஞ்சம் இருக்கு, மோட்டாருக்கு ஊத்துங்க, வயிறு சுத்தமாயிரும்" என்றது ஒரு குரல். திரும்பி ஓடிவிடலாம் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. நின்று, தலையை நிமிர்த்தி, கத்தினேன். "அங்க ஒரு பிள்ளைத்தாச்சி நேத்துலருந்து துடிச்சுக்கிட்டு இருக்கா! எங்க மோட்டார் நின்னுபோச்சு! காலைல குடுத்த எண்ணெய் இருக்கற குழாய் இல்லாட்டிப் போக முடியாது!"

சிரிப்பு பட்டென்று நின்றது. நாலாவது வண்டியிலிருந்து ஒருவர் குதித்தார். தரையில் வந்து விழுந்த வலது காலில் பெருவிரல் நகம் இல்லை.

"நாந்தாம்மா வாங்கினேன். அதை மொதல்லயே சொல்லப்படாதா?"

சொல்லிக்கொண்டே குழாயை அவிழ்த்துத் தோளில் போட்டுவிட்டார். "என் வண்டியைப் பாத்துக்கோங்கலே" என்று ஒரே ஓட்டம். நான் பின்னால் ஓடினேன். அந்த ஓட்டத்தில்தான் அவர் திரும்பி, "கரி இன்னும் கலக்கலைம்மா. எண்ணெய் எண்ணெயாத்தான் இருக்கு" என்றார். வைக்கோல் கரியைக் கலந்துதான் அச்சுக்குப் போடுவார்களாம். கலந்திருந்தால் அந்த ஆயில் எதற்கும் உதவியிருக்காது.

பிரசவப் பெட்டியிலிருந்து எனாமல் பேசினை எடுத்து வைத்தேன். அவர் குழாயை மெதுவாகச் சாய்த்தார். ஆயில் முழுதும் இறங்கி, கடைசியில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

"இதென்னம்மா, மெட்டி மாதிரி இருக்கு? எண்ணெய் எம்புட்டு இருக்குன்னு காலைல குச்சியை விட்டப்பவே ஏதோ தட்டுச்சு. ஓணானோ என்னமோன்னு விட்டுட்டேன்."

அதற்குப் பிறகு நான் கூச்சப்பட நேரமில்லை. இன்னொரு பேசினை அடியில் வைத்துப் பிளக்கைக் கழற்றினேன். மிஞ்சியிருந்த ஆயில் கொதிக்கக் கொதிக்கக் கையில் வழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. வளையத்தைத் துடைத்துப் பிளக்கில் கோத்து, இந்தத் தடவை பயப்படாமல் இறுக்கினேன். பழைய ஆயில், புது ஆயில் எல்லாவற்றையும் கட்டுத்துணியை நாலாக மடித்து வடிகட்டி உள்ளே ஊற்றினோம். துணியில் தங்கிய கறுப்பைப் பார்த்து, "கஷாயம் வடிக்கற மாதிரில்லா இருக்கு" என்றார் வண்டிக்காரர். அதற்குள் மற்ற வண்டிகளும் வந்து சேர்ந்துவிட்டன. சேற்றுப்புண்காரர்தான் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார். எஞ்சின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. பொத்தானைப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெல்ல வெளியே வந்தது.

"காலைக் காட்டச் சொன்ன கதை என்னன்னு கேளுங்க டாக்டரம்மா!" என்று யாரோ கத்தினார்கள். வழியில் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, வண்டியை மட்டும் விரட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் குரல் எழுப்பக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். இருபது வயதுகூட இருக்காது. குறுக்கே கிடக்கும் குழந்தையை உள்ளே கைவிட்டுத் திருப்பி, காலைத் தேடிப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். தாமதித்தால் திருப்ப முடியாது. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தேடினார். நெற்றியில் வேர்வை. அப்போது முணுமுணுத்தார்: "எங்க கண்ணு, நீயும் செத்த காலைக் காட்டு, பாப்போம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கிடைத்துவிட்டது. ஒரு கால், பிறகு இன்னொரு கால். நீலம் பாரித்து வந்த பெண்குழந்தை. முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, இரண்டு நிமிஷம் போராடிய பிறகு அழுதது. பொத்தான் வெளியே வந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ, அதைப்போல ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் பழக்கப்படி தட்டில் எடுத்து விரித்து, முழுதாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"முழுசா இருக்கா சிஸ்டர்?"

"இருக்கும்மா."

"விடியக்காலம் சட்டியையும் இப்படி ஒரு பார்வை பாத்திருக்கலாம்."

நான் தலையைக் குனியவில்லை. "ஆமாம்மா, பாத்திருக்கணும்" என்றேன்.

அந்த வண்டிக்காரர், அதன் பிறகு ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் வந்து பழைய ஆயிலை வாங்கிப் போவார். கொடுப்பதற்கு முன் சட்டியில் குச்சியை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். "மெட்டி விழுந்திருக்கா நர்சம்மா?" என்று கேட்பார். அவர் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு, சிரித்தால் ஒரு கண் மூடிக்கொள்ளும். அது எனக்கு இப்போது தெரியும்.

என் கூச்சத்தை ஒரு நல்ல குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதில் பாதி, கேட்காமல் விட்டதும் பார்க்காமல் விட்டதும்தான் என்று அந்த ரோட்டில் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் புதிதாக யாராவது எதிரே வந்து நின்றால் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது, ஆனால் அங்கேயே நின்றுவிடாமல் முகம்வரை ஏற அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.