கத்தலான் சூர்யகலா

வலது கையை நெஞ்சுக்கு நேரே நீட்டி, இல்லாத ஒரு திருகைக் காற்றில் முறுக்கிக்கொண்டிருக்கிறார் சூர்யகலா. முதலில் வலமாக, பிறகு இடமாக. உதடு எதையோ முணுமுணுக்கிறது. கை சட்டென்று நின்றதும் தலையை ஆட்டிவிட்டு, முன்னால் திறந்திருக்கும் லேப்டாப்பில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைத் தட்டுகிறார். அடுத்த வரி. மறுபடியும் கை காற்றுக்குப் போகிறது. இந்த முறை எதையோ நெம்புகிறது.

ஆரணியில் அவருடைய மாமியார் பூங்காவனத்தின் வீட்டு மாடியறை அது. கீழே இரண்டு பட்டுத்தறிகள் ஓடுகின்றன. மருமகள் இப்படிக் காற்றைப் பிசைவது புதிதில் பூங்காவனத்துக்குக் கவலையாக இருந்தது. "இன்னாம்மா சூர்யா, யாரயோ கூப்புட்ற மாதிரி கைய ஆட்டிகினே கீற?" என்று கேட்டுவிட்டு, சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துகூட வைத்தார். இப்போது அக்கம்பக்கத்துக்கு அவரே விளக்கம் சொல்கிறார்: "அது கத்தலான் பாஷை. பேருதான் கத்தலான். எம் மருமவ வாயே தெறக்கறதில்ல."

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, பார்சலோனாவைச் சுற்றியுள்ள சீமையில் பேசுகிற மொழி கத்தலான். அங்கே ஒரு சிற்றூரில், ஒரு குடும்பம் நடத்தும் பட்டறை தோல் வெட்டும் இயந்திரங்களைச் செய்கிறது. எந்தத் திருகை எப்போது முறுக்க வேண்டும், எந்தக் குழாயை எப்போது கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் தங்கள் தாய்மொழியிலேதான் எழுதுகிறார்கள். அதை வெளியூர்த் தொழிற்சாலைகளுக்காக ஆங்கிலத்தில் ஆக்குவது சூர்யகலாவின் பிழைப்பு.

கை ஒரு வேலையைச் செய்து பார்க்காமல் அதற்கான சொல்லை எழுத மாட்டார். மேசையோரத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் நிறைய நட்டும் போல்ட்டும் சுருள்வில்லுமாக வைத்திருக்கிறார். எல்லாம் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. "எங்க வீட்டு சீர்த் தாம்பாளம் அது. வெத்தல பாக்கு வச்சத விட நட்டு வச்சதுதான் ஜாஸ்தி" என்பார் பூங்காவனம்.

சொற்களிடம் சூர்யகலா ஆள்களிடம் பேசுவது போலப் பேசுவார். பிடிகொடுக்காத சொல்லை "வாடி இங்க" என்று மிரட்டுவார். கத்தலானில் 'கர்கோல்' என்றால் திருகாணி. நத்தைக்கும் அதே பெயர். 'மோல்யா' என்றால் சுருள்வில். ரொட்டியின் நடுவே இருக்கும் மெத்தென்ற பகுதிக்கும் அதுவேதான். "கிளாவ்னு ஒண்ணு எழுதிட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்றாங்க. சாவியா, ஸ்பேனரா, ஆணியா? படத்த உத்துப் பாத்து, அது எங்க குந்திகினு கீதுன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள பேஜாராயிடுது" என்று சொல்லும்போது முகத்தில் பேஜார் ஒன்றும் தெரியாது. சந்தோஷம்தான் தெரியும்.

கண்ணமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, செய்யாறு தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தார். அந்தக் கம்பெனிக்குப் புதிதாகத் தோல் வெட்டும் இயந்திரம் வந்தபோது, அதைப் பூட்டிக்கொடுக்க அந்தச் சிற்றூரிலிருந்து நூரியா என்ற பெண் ஃபிட்டரும் வந்தாள். ஏறக்குறைய சூர்யகலாவின் வயதுதான். ஆங்கிலம் அவளுக்குத் தடுமாறும். ஸ்பெயின்காரிதானே என்று எல்லோரும் செல்போனில் ஸ்பானிய மொழியைப் போட்டு நீட்டினார்கள். அவள் தலையை ஆட்டுவாள். அந்த மொழி அவளுக்குத் தெரியும். ஆனால் இயந்திரத்தின் மேல் கை வைத்த மறுகணம் வாயில் வருவது வேறு மொழியாக இருக்கும். செல்போன் அதைக் கேட்டு எதையாவது உளறும். பக்கத்தில் நிற்கச் சொல்லி அனுப்பப்பட்ட சூர்யகலா, செல்போனை மூடி வைத்துவிட்டு ஒரு நட்டைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். நூரியா பேர் சொன்னாள். அடுத்து ஒரு குழாய். அதற்கும் பேர் சொன்னாள்.

அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் அப்படியே திரிந்தார்கள். ஆள்கள் அவர்களுக்கு 'நூர்யா சூர்யா' என்று பேர் வைத்தார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் நூரியா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு "பிளெகெம்!" என்று கூவுவாள். அது பிடித்துப்போய் மொத்த ஷெட்டும் "பிளெகெம், பிளெகெம்" என்று கத்திக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. ஏதோ உற்சாகக் கூச்சல் என்றே நினைத்தார்கள்.

நூரியா ஊர் திரும்பிய பிறகும் பேச்சு நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் அவள் எழுதுவதைப் படித்துப் படித்தே சூர்யகலா அந்த மொழியின் எழுத்துக்கும் பழகினார்.

பிறகு ஒரு காலை ஷிப்டில் ஜெயவேலுக்கு அடிபட்டது. நிதானமான ஆள், அந்த இயந்திரத்தை முதல் நாளிலிருந்து ஓட்டுகிறவர். இன்னும் சுவிட்சைக்கூடப் போடவில்லை. முந்தின ஷிப்டில் உள்ளே தங்கியிருந்த ஒரு தோல் துண்டை எடுக்கக் கையை விட்டார். குழாயில் அடைபட்டுக் கிடந்த காற்றழுத்தத்தில் மேல் தட்டு கீழே இறங்கிவிட்டது. இரண்டு விரல்கள் நசுங்கின. வேலூருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். விரல்கள் தப்பின. வேலை தப்புமா என்பதுதான் தெரியவில்லை. 'தொழிலாளியின் அஜாக்கிரதை' என்று விசாரணையில் எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

ஜெயவேலின் மனைவி சசிகலா, பஸ் ஏறி ஆரணிக்கு வந்து சூர்யகலாவைப் பார்த்தாள்.

"அக்கா, ஒங்களுக்கு அந்த மிசினோட பாஷ தெரியும்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரு தூக்கத்துலகூட 'நான் ஒண்ணும் பண்ல, ஒண்ணும் பண்ல'ன்னு சொல்லிகினு கீறாரு. அவரு தப்பு பண்ணியிருந்தா சொல்லிடுங்க, தாங்கிக்கறோம். பண்லன்னா, அது எங்கனா எழுதியிருக்குமில்ல?"

மறுநாள் சூர்யகலா அந்த இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்தார். நடுவில் யாரோ ஓர் ஏஜெண்டு மொழிபெயர்த்துக் கொடுத்தது. 'மடிப்பதற்கு முன் காற்றை வெளியேற்றவும்' என்று அதில் இருந்தது. ஷூ கம்பெனியில் மடிப்பு என்றால் தோலின் ஓரத்தை மடித்து ஒட்டுவது. அது வேறு ஷெட், வேறு ஆள்கள். வெட்டுகிற இடத்தில் மடிக்க ஒன்றுமில்லை. நமக்கானது இல்லை என்று ஒவ்வொருவரும் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

பிளாஸ்டிக் உறையில் கத்தலான் மூலமும் இருந்தது. அந்த வரியில் 'பிளெகா' என்ற சொல். அகராதியில் பார்த்தால் 'மடித்தல்' என்றுதான் முதலில் நிற்கும். சூர்யகலாவுக்கு அந்த இடத்தில் மடித்த துணியோ தாளோ கண்ணுக்குத் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் நூரியாதான் தெரிந்தாள். பிளெகெம்! மடிப்போம் என்றா அவள் கத்தினாள்? பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு?

நூரியாவுக்கு அவர் போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நூரியா வீட்டில் விருந்து. போனில் தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன. சூர்யகலா வரியைப் படித்துக்காட்டி, ஆங்கிலத்தில் அதை எப்படி ஆக்கியிருக்கிறார்கள் என்று சொன்னார். அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது; அவள் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். பிளெகா என்றால் மடிப்பதுதான், ஆனால் பட்டறையில் அப்படிச் சொன்னால் வேலையை முடித்து வீட்டுக்குப் போவது என்றாள் நூரியா. "ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது காற்றை விடணும். நான் இருந்தவரைக்கும் நானே விட்டேனே, சூர்யா. யாருக்கும் சொல்லித்தரணும்னு தோணலையே."

சூர்யகலா அதோடு விடவில்லை. சாப்பாட்டுக்குப் போவது பிளெகாவா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குப் போவது மட்டும்தான். அப்படியென்றால் சாப்பாட்டு இடைவேளையில் காற்று உள்ளேயேதான் நிற்குமா? "நிற்கும்" என்றாள் நூரியா.

அடுத்து தயாரிப்பு மேலாளர் தணிகாசலத்தின் அறைக்குப் போனார். அந்த ஆங்கிலக் கையேட்டைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டதே அவர்தான். சூர்யகலா இரண்டு பக்கங்களையும் மேசைமேல் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு நின்றார். தணிகாசலம் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இத நானும்தாம்மா படிச்சேன். மடிக்கற ஷெட்டுக்குன்னு நெனச்சிகினேன்" என்றார். "ஜெயவேல் மேல எழுதினத எடுத்துடச் சொல்றேன். யாரு பேரயாவது எழுதித்தான் ஆவணும்னா எம் பேர எழுதிக்கட்டும்."

அப்படியே செய்தார். ஜெயவேலுக்கு வேலை நிலைத்தது; கை ஆறிய பிறகு கனம் தூக்காத பிரிவுக்கு மாற்றினார்கள். சூர்யகலாவின் கேள்வியை நூரியா பட்டறை முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர்கள் தங்கள் கத்தலான் வரியையே திருத்தினார்கள்: இயந்திரத்தை விட்டு ஆள் நகரும் ஒவ்வொரு முறையும் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த இயந்திரத்தை வாங்கிய எல்லோருக்கும் புது வரி போயிற்று. கூடவே சூர்யகலாவுக்கு ஒரு கேள்வியும் வந்தது: எங்கள் கையேடுகளை எல்லாம் நீங்களே ஆங்கிலத்தில் ஆக்கித் தருவீர்களா?

இந்தக் கதையைச் சொல்லச் சொன்னால், அவர் தன்னைப் பற்றிச் சொல்வது குறைவு. "சோத்துல இருந்து எழுந்து வந்து பேசினா பாருங்க நூரியா, அதச் சொல்லணும். தணிகாசலம் சாரு 'அப்பறம் பாக்கலாம்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிபோயிருக்கும். சொல்லலியே அவரு! சசிகலா பஸ் ஏறி வர்லன்னா அந்தப் புக்க நான் தொட்டே இருக்க மாட்டேன்" என்பார். வெளிநாட்டு அழைப்பு வரும்போது கீழே தறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் மாமியாரையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்வார். "அத்தைக்குத் தறியில ஒரு முழம் கொறையுது என்னால. ஒரு நாளாவது மூஞ்சி தூக்கியிருப்பாங்களா?"

அறுவடை முடிந்தால் ஜெயவேல் ஒரு பை மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வருவார். தங்கள் கொல்லையில் விளைந்தது; சசிகலா வேகவைத்துக் கொடுத்தனுப்பியது. மாடியேறி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "வேல இருந்தா பாருங்க மேடம், நான் சும்மா குந்திகினு கீறேன்" என்பார். பிறகு தானே ஒரு காயை எடுத்து உடைக்கத் தொடங்குவார். மடங்காத அந்த இரண்டு விரல்களும் ஓட்டின் மேல் வழுக்கும். மறுபடி பிடிப்பார். மறுபடி வழுக்கும். சூர்யகலா அதை வாங்கி உடைத்துக் கொடுப்பதில்லை. லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, பருப்புக்காக உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.