லோயர்கேம்ப் தாண்டினால் வயிறு

"உவ்வே..."

சத்தம்தான் முதலில் வரும். ஆள் யார், எந்த சீட் என்பதெல்லாம் பிறகு. மலையேறும் பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். தேனியிலிருந்து குமுளிக்கு ராத்திரி கடைசி வண்டியும் விடியற்காலை முதல் வண்டியும் என் பாடு. ஏறியதும் ஜன்னலோரம் தேடும் சொந்தங்களே, மடியில் பாலிதீன் பையோடு கண்ணை மூடிக்கொள்ளும் சகோதரிகளே, நானும் உங்களில் ஒருவன்தான். டிக்கெட் கிழிப்பவனுக்கு வாந்தி வராது என்று யார் சொன்னது?

மூன்று நாள் கெடு

தொண்ணூற்றெட்டில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ரைஸ்மில் காவல், தியேட்டர் ஆபரேட்டர், ஐஸ் கம்பெனி என்று எல்லாமே ராத்திரி வேலை. எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் எங்கேயாவது போகத் தோன்றும். முப்பத்தாறு வயதில், ஓடிக்கொண்டே இருக்கிற வேலை ஒன்று கிடைத்ததும், இதையாவது விடக்கூடாது என்று முதல்முறையாக ஆசை வந்தது.

முதல் நாளே, மலையடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டி மூன்றாவது வளைவில், படியில் தொங்கிக்கொண்டு சாப்பிட்டதையெல்லாம் காட்டுக்குக் கொடுத்துவிட்டேன். டிரைவர் சங்கையா அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். குமுளியில் இறங்கி பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்: "ஏலே, இன்னும் மூணு நாள் பாப்பேன். அதுக்குள்ள இந்த வாந்தி நிக்கலைன்னா மொதலாளிகிட்டச் சொல்லி வேற ஆளப் போட்டுக்குவேன். மலையில நான் ரோட்டப் பாப்பேனா, உன்னையப் பாப்பேனா?"

வயிற்றில் ஒரு பேப்பர்

மறுநாள் சின்னமனூரில் ஏறிய ஓர் அக்கா என் முகத்தைப் பார்த்தே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தால் குமட்டாதாம். நின்றபடியே வேலை பார்ப்பவன் எங்கே உட்காருவது? மடித்துச் சட்டைக்குள், வயிற்றோடு செருகிக்கொண்டேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடை மடித்த காகிதம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் என்று கண்ணில் பட்டதைப் படித்துப் படித்தே எழுத்தைப் பழகியவன். வயிற்றில் ஒரு முழுப் பேப்பர் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? இரண்டாவது வளைவில் படிக்க வெளியே எடுத்தேன். நான்காவது வளைவில் அதாலேயே வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "கண்டக்டரு, வைத்தியம் பேப்பர்லதான் இருக்கு, சேதியில இல்ல!"

பஸ்ஸுக்குப் பட்ட கண்

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. உத்தமபாளையத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரியும் அவர் மனைவியும் ஏறினார்கள். அந்தப் பெண்ணுக்கு மூன்றோ நான்கோ மாதம் இருக்கும். லோயர்கேம்ப்பில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டி நின்றபோதே அந்தச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. "ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பாப்பா" என்றார் கணவர். கடைசி வண்டி போகிற அந்த ராத்திரி நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

இறங்கி முன்னால் போனேன். சங்கையா அண்ணன் அன்றைக்குத்தான் பம்பரில் மிளகாயோடு கோத்துப் புதுப் பழம் கட்டியிருந்தார். அறுத்து, பாதியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், பாதியை என் மூக்கில் வைத்துக்கொண்டேன். அண்ணன் தண்ணீர் வாளியோடு வந்து பார்க்கிறார், மிளகாய் மட்டும் தொங்குகிறது. "அடப்பாவி, வண்டிமேல விழுற கண்ணு பூராம் அந்தப் பழத்துலதானடா எறங்கும்!" என்று கத்தினார். கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண்ணோ இன்னொரு தரம் நன்றாக முகர்ந்துவிட்டுச் சொன்னது: "எம்பிள்ளைக்கு இந்தப் பழந்தாண்ணே பிடிச்சிருக்கு. மொளகாய நீங்களே வச்சுக்கங்க."

பாதிப் பழம் எனக்குப் பாதி மலை வரைக்கும்தான் தாங்கியது.

பேச்சியக்காவின் சுக்கு

கெடு முடியும் நாள், விடியற்காலை வண்டி. கூடலூரில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு கூட்டமாக ஏறினார்கள். அவர்களைக் கூட்டிப்போகும் பேச்சியக்காவிடம் என் கதையைச் சொன்னேன். சுருக்குப்பையிலிருந்து ஒரு துண்டு சுக்கை எடுத்து என் கடைவாயில் அடக்கச் சொன்னார். "இதுவும் பாதிக்குத்தான் கேக்கும். மலையில நீ எதுக்கு எங்க மூஞ்சியப் பாத்து நிக்கிற? டிரைவரு என்னைக்காச்சும் கக்கிப் பாத்திருக்கியா? அடுத்த வளைவு எந்தப் பக்கம்னு அவுகளுக்குத் தெரியும். உன் வயித்துக்குத் தெரியாது."

லோயர்கேம்ப்புக்கு முன்னாலேயே டிக்கெட்டை முடித்துவிட்டு, முன்னால் போய் ரோட்டைப் பார்த்து நின்றேன். வளைவு வருமுன் என் வயிற்றுக்கு நானே சொன்னேன்: "வலது!" அடுத்தது, "இடது!" பின்னால் ஒரு சிரிப்பு. மூன்றாவது வளைவில் நாலைந்து பேர் என்னோடு கத்தினார்கள். அதற்கப்புறம் தூக்குவாளிகள் சேர்ந்து கலகலக்க பஸ்ஸே "வலது... இடது..." என்று சாய்ந்து சாய்ந்து ஏறியது. அன்றைக்கு ஒருவரும் பாலிதீன் பையைத் தேடவில்லை.

குமுளியில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. என் வயிறு அதன் இடத்தில் இருந்தது. சங்கையா அண்ணன் காய்ந்துகிடந்த படியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்கும் வந்து இதே மாதிரி சத்தம் போடுலே. யார்கிட்டயும் சொல்லாத, விடியக்கால வண்டியில கடைசி வளைவுல எனக்குக் கண்ணு சொக்கும்."

அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாத பிழைப்பில், ஒரு மலை தூரத்துக்காவது அது தெரிந்து போகிற உத்தியோகம் எனக்கு வாய்த்தது என்று நினைத்தபடி, கழுவ ஒன்றுமே இல்லாத அந்தப் படியைக் கழுவ வாளியை எடுத்தேன்.